பத்து நாள் பிள்ளைக்கு எதற்கு அவசரம்?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடிந்தும் விடியாத நேரத்தில் நிறைமாதக்காரி ஒருத்தியைக் கணவரோடு நிற்கவைத்துப் படம் எடுப்பதை இப்போது யாரும் நின்று பார்ப்பதில்லை. அவ்வளவு பழகிவிட்டது. பிச்சாவரம் படகுத்துறையிலும், சிதம்பரத்தில் கோபுரம் தெரியும் வீதிகளிலும் அப்படித்தான். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று இருந்த போட்டோக்காரரின் வேலை மெட்டர்னிட்டி ஷூட், நியூபார்ன் ஷூட், பேபி ஷூட் என்று நீண்டிருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் திருஷ்டி என்று முணுமுணுக்கிறார்கள். இளையவர்கள் முன்பணம் கட்டிவிட்டு வந்து சொல்கிறார்கள். இந்த மூன்று ஷூட்களையும் ஒரே தட்டில் வைத்து எடை போட முடியாது. தாய்க்கு எடுக்கும் படம் நல்ல வழக்கம். பத்து நாள் குழந்தையை வைத்து எடுக்கும் படம், இன்று நடக்கும் விதத்தில், திருத்திக்கொள்ள வேண்டிய வழக்கம்.

கர்ப்பிணியைப் படம் எடுப்பது மேல்நாட்டிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் பழைய ஆல்பங்களைப் புரட்டிப் பார்க்கலாம். பூ தைத்த சடையும் கை நிறைய வளையலுமாக, பின்னால் கண்ணாடி வைத்துச் சடை தெரியும்படி எடுத்த படம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அந்தக் காலத் தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடிச் சேர்த்து மின்னுருவாக்கும் வேலையைக் கடலூருக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது. அதற்குப் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டம் துணைநின்றது. ஆய்வாளர்கள் தேடிக் காக்கும் அளவுக்கு அந்தக் குடும்பப் படங்களுக்கு மதிப்பு உண்டு. வெளியிலிருந்து வந்தது வயிற்றைத் தனித்துக் காட்டும் பாணி. 1991 ஆகஸ்டில் வேனிட்டி ஃபேர் இதழின் அட்டையில் ஏழு மாதக் கர்ப்பிணியான நடிகை டெமி மூரை ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம் வந்தபோது அமெரிக்காவிலேயே பெரிய சர்ச்சை கிளம்பியது. அதற்குப் பிறகுதான் அந்தப் பாணி உலகெங்கும் பரவியது.

இந்தப் பாணியில் ஒரு நன்மை உண்டு. வளைகாப்புப் படத்தில் பெண் ஒரு சடங்கின் நடுவில் உட்கார்ந்திருப்பாள். வரிசையாக வந்து சந்தனம் பூசுபவர்களோடு படம் எடுத்து முடிப்பதற்குள் முதுகு விட்டுப்போகும். தனியாக எடுக்கும் அமர்வில் அந்த ஒரு மணி நேரம் அவளுக்கானது. களைத்தால் உட்காரலாம், வேண்டாம் என்று சொல்லலாம். பிள்ளை பிறந்த பிறகு வீட்டில் எடுக்கும் ஆயிரம் படங்களில் அம்மா இருக்கமாட்டாள், செல்போனைப் பிடித்திருப்பவளே அவள்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் படங்களின் அருமை விளங்கும்.

ஆனால் இடம் அறிந்து போகவேண்டும். தேவனாம்பட்டினத்தில் சூரியன் கடலில்தான் எழும். மேற்குக் கடற்கரைப் படங்களைப் பார்த்துவிட்டுக் கடலில் சூரியன் மறைவதைக் கேட்டால் இங்கே கிடைக்காது. விடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டால் வெயிலும் ஏறாது, கூட்டமும் சேராது. மாலையில் சூரியன் ஊர்ப்பக்கம் சாய்ந்துவிடும்; கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர் முகத்தில் நல்ல வெளிச்சம் விழும், ஆனால் கடற்காற்று பலமாக இருக்கும். அந்தக் காற்றில், தரையில் இழுபடும் வாடகை கவுன் காலில் சிக்கும். ஈர மணலில் எட்டு மாத வயிற்றோடு தடுக்கி விழுவது சின்ன விஷயம் இல்லை. அவள் உடுத்திப் பழகிய நூல் சேலை படத்திலும் அழகாக இருக்கும், நடக்கவும் விடும்.

பிச்சாவரம் இன்னும் கவனம் கேட்கும் இடம். 1975இல் வெளிவந்த இதயக்கனி திரைப்படக் காலத்திலிருந்தே கேமராக்காரர்களுக்குப் பிடித்த அலையாத்திக் காடு அது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வளைந்த கிளைகளுக்கு அடியில் வாய்க்காலில் கிடைக்கும் மெல்லிய வெளிச்சம் எந்த ஸ்டூடியோவிலும் வராது. அங்கேதான் தில்லை மரமும் இருக்கிறது, சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த அதே மரம். அதன் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும். ‘கிளையைப் பிடிச்சுக்கிட்டு இப்படித் திரும்புங்க’ என்று சொல்லும் படக்காரருக்கு இது தெரிந்திருக்கவேண்டும். வயிறு மறைகிறது என்று படகில் உயிர்காப்பு உடையைக் கழற்றச் சொல்வதை எந்தப் படத்துக்காகவும் ஏற்கமுடியாது. ஐந்து மாதத்துக்கு மேல் மல்லாந்து படுக்கவைப்பதும் கூடாது: கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரும். இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்தால் போதும்.

சிதம்பரம் கோயிலைப் பொறுத்தவரை, கேமராவை உள்ளே கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். கோபுரம் பின்னணியில் வரவேண்டுமென்றால் கூட்டமில்லாத காலையில் வீதியிலேயே எடுத்துவிடலாம்.

இனி பச்சைப்பிள்ளைக்கு வருவோம். பூந்தொட்டியிலும் கூடையிலும் குழந்தையைச் சுருட்டி வைத்து எடுக்கும் பாணியை உலகுக்குப் பழக்கியவர் ஆன் கெடஸ். அவருடைய டவுன் இன் தி கார்டன் என்ற புத்தகம் 1996இல் வந்தது. இன்றைய நியூபார்ன் ஷூட்டுக்குப் போட்டோக்காரர்கள் கேட்கும் நாட்கள் பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு. அப்போதுதான் குழந்தை ஆழ்ந்து தூங்கும், கருவிலிருந்த மாதிரியே உடம்பைச் சுருட்டிக்கொள்ளும். தொழிலுக்கு அந்த நாட்கள் தோது. குழந்தைக்கு? பிறந்ததும் சற்றுக் குறையும் எடையை அது மீட்டுக்கொள்ளும் நாட்கள் அவை. நினைத்த நேரத்தில் பால் கேட்கும், அம்மாவுக்குப் பால் சீராகச் சுரக்கத் தொடங்கியிருக்கும். அந்த வாரத்தில் பல மணி நேரம் உடை மாற்றி, தொப்பி மாற்றி, தூங்கவைத்து எடுப்பது இருவருக்கும் இடைஞ்சல்.

தாயின் நிலை இதில் பேசப்படுவதே இல்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். அதாவது, பத்தாம் நாள் ஸ்டூடியோ மாடிப்படி ஏறச் சொல்லப்படும் பெண்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் வயிற்றில் தையலோடு இருக்கும் பச்சை உடம்புக்காரிகள்.

ஆபத்தும் உண்டு. பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கவேண்டும். ஏசி ஓடும் அறையில் துணியில்லாமல் கிடத்தினால் அது சீக்கிரம் குறையும், சூடு காட்டும் கருவியைப் பக்கத்தில் வைத்தால் கூடும். முகவாயைக் கைகளில் தாங்கிக் குழந்தை தானே உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு புகழ்பெற்ற படம் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் அதை இரண்டு படங்களாக எடுத்து ஒட்டுவார்கள். இரண்டிலும் ஒருவர் கை குழந்தையைப் பிடித்தபடி இருக்கும், பிறகு அந்தக் கையை அழிப்பார்கள். இது தெரியாமல், யூடியூபைப் பார்த்துக் கழுத்து நிற்காத குழந்தையை அப்படி உட்காரவைப்பவர்கள் மூச்சுக்குழாயோடு விளையாடுகிறார்கள். ஒரு குழந்தைக்குச் சுற்றிய துணி அடுத்த குழந்தைக்கு வருமுன் துவைக்கப்பட்டதா, இருமலோடு யாராவது வந்திருக்கிறார்களா என்றும் கேட்கவேண்டும். கக்குவான் இருமலுக்கான தடுப்பூசியே ஆறாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. குழந்தையின் மஞ்சள் நிறத்தைக் கணினியில் வெளுப்பாக்கி மகிழ்வதற்குமுன் மருத்துவரிடம் காட்டுவதும் முக்கியம்.

‘தூங்குற புள்ளைய போட்டோ புடிக்காதம்மா’ என்று சொல்லும் பாட்டியிடம் மருத்துவக் காரணம் இருக்காது. ஆனாலும் முப்பது நாள், நாற்பது நாள் பிள்ளையை வெளியே எடுக்காதே, வந்தவர் போனவர் கையில் கொடுக்காதே என்ற அவர் கட்டுப்பாடு அந்த வயதுக் குழந்தைக்குத் தேவையான காப்பைத் தந்தது. நம் பழைய ஸ்டூடியோக்காரர்களும் அவசரப்பட்டதில்லை. பிள்ளைக்குத் தலை நின்று, குப்புற விழுந்து நிமிர்ந்து பார்க்கும் மாதத்தில், அரைஞாண் கயிறும் கன்னத்தில் மைப்பொட்டுமாக ஒரு படம் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் படத்தில் குழந்தை விழித்திருக்கும், நம்மைப் பார்க்கும். மூன்றாம் மாதத்துக்குமேல் அது சிரிக்கவும் செய்யும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், அதற்குள் அப்பா வீட்டாரும் வந்து சேர்ந்திருப்பார்கள். குடும்பப்படம் முழுக் குடும்பத்தின் படமாக இருக்கும்.

பிறந்த நாட்களின் நினைவே வேண்டும் என்றால் வீட்டுக்கு வரச்சொல்லலாம். ஜன்னலோரம், அம்மா மடியில், பாட்டி கட்டிய தூளியில், பால் குடித்துத் தூங்கும்போது அரை மணி நேரம் எடுக்கட்டும். இதற்கு வேண்டிய தயாரிப்பு கொஞ்சம்தான்: ஒருநாள் முன்னதாகத் துவைத்து வெயிலில் காயவைத்த துணிகள், இரண்டு பேருக்கு மேல் இல்லாத படக்குழு, அழுதால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வர ஒப்புக்கொண்ட போட்டோக்காரர். மூத்த குழந்தை இருந்தால் அதன் வயிற்றை முதலில் நிரப்பிவிடவேண்டும்.

படம் எங்கே போகிறது என்பதையும் முன்பே பேசிவிடுவது நல்லது. ஸ்டூடியோக்கள் தங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மாதிரிக்காகப் போடுகின்றன. குளிக்கவைத்த படமும் அதில் சேர்ந்துவிடலாம். எடுக்கவே கூடாத படமும் உண்டு: கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று நிறத்தால் அறிவிக்கும் வெளிநாட்டுக் கொண்டாட்டத்துக்கு இந்தியாவில் இடமே இல்லை. பாலினம் அறிவதையும் சொல்வதையும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.

இன்னொன்று, கடலூர் மாவட்டத்துக்கே உரியது. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று வீட்டுக்குள் தண்ணீர் வந்த ஊர் இது. ஆல்பத்தோடு கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதியை வேறு ஊரிலிருக்கும் உறவினரிடம் கொடுத்துவையுங்கள். ‘எங்கள் அனுமதியில்லாமல் எந்தப் படத்தையும் வெளியிடக்கூடாது’ என்ற ஒரு வரியை, முன்பணம் கொடுக்கும் நாளிலேயே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.