ஹூலியோ கொன்சாலெசின் இரும்புச் சிற்பங்கள்

குலத்தொழில் ஒருபுறமும் விரும்பிய கலை ஒருபுறமுமாக இழுக்க, இரண்டிற்குமிடையே முப்பதாண்டு இடர்ப்பட்ட ஒருவர், ஐம்பது வயது கடந்தபின் அவை இரண்டல்ல எனக் கண்டார். அவரே கத்தலோனியச் சிற்பியும் ஓவியருமாகிய ஹூலியோ கொன்சாலெஸ் (1876-1942).

பார்சிலோனா நகரில் உலோக வினைசெய்யுங் கம்மியர் குடியிற் பிறந்த அவர், அண்ணன் ஜோவானுடன் தந்தையின் பட்டறையிற் சம்மட்டி பிடித்தார். மாலையில் இருவரும் ஓவியம் பயின்றனர். தந்தை இறந்தபின், 1900 ஆம் ஆண்டளவிற் குடும்பம் பரிஸ் நகரிற் குடியேறியது. ஆங்கு அவர் ஓவியராகவே அறியப்பட விரும்பினார். அணிகலனும் அலங்காரப் பொருளும் செய்து வாழ்ந்தாரேனும் அவற்றைத் தம் கலையென மதித்திலர். தாயரையும் தலைவாரும் மகளிரையும் தீட்டிய அவ்வோவியங்கள் செவ்வியனவே. ஆயினும் அவற்றுக்காக மட்டும் இன்று அவரை நினைப்பார் இலர். 1908 இல் அண்ணன் இறந்தமை அவரை நெடுங்காலம் வாட்டியது.

1918 இல் பரிசையடுத்த ரெனோல்ற் தொழிற்சாலையில் வேலைசெய்தபோது, ஒட்சிசனும் அசற்றலீனும் கலந்த சுவாலையால் இரும்பை உருக்கி ஒட்டும் முறையைக் கற்றார். அதனைச் சிற்பத்திற் பயன்படுத்தும் எண்ணம் அன்று எழவில்லை. 1928 இல் நண்பர் பிக்காசோ, கவிஞர் அப்பொலினேருக்கு எடுக்க எண்ணிய நினைவுச் சின்னத்தின்பொருட்டு அவர் உதவியை நாடினார். பாடுவார்க்கு யாழ் செய்து கொடுக்கச் சென்றவர் தாமே பாணராய் மீண்டது போன்றது பின் நிகழ்ந்தது.

கல்லைக் குறைத்தும் மண்ணைக் கூட்டியும் திரளான உருவமைத்தலே சிற்பிகளின் நெடுநாள் வழக்கு. கொன்சாலெசோ மெல்லிய கம்பிகளையும் தகட்டுத் துண்டுகளையும் பொருத்தி வெளியிலே கோடு வரைந்தார். 1931 இல் அமைத்த ‘தலைவாரும் பெண்’ணில் கோடுகளுக்கிடைப்பட்ட வெற்றிடமே உடலாகின்றது. பண்டு தூரிகையால் தீட்டிய அதே பொருள்! ஓவியரின் கோடு கொல்லரின் கம்பியாயிற்று.

இங்ஙனம் புதுநெறி கண்டவர், 1937 ஆம் ஆண்டுப் பரிஸ் உலகக் கண்காட்சியில், பிக்காசோவின் ‘கெர்னிகா’ இடம்பெற்ற இசுப்பானிய மண்டபத்திற்கு ‘மொன்செராத்’தை அளித்தமையைப் பின்வாங்கல் என்பாருமுளர். முக்காடிட்ட உழவர்குலப் பெண், ஒரு கையிற் குழவியும் மறு கையில் அரிவாளுமாய் நிற்கிறாள். மொன்செராத் என்பது பார்சிலோனாவுக்கு அண்மையிலுள்ள திருமலையின் பெயர். கத்தலோனிய மகளிர்க்கு வழங்கும் பெயருமாம். 1936 இல் மூண்ட உள்நாட்டுப் போரின் துயரை அவ்வொரு பெயரே சொல்லும்.

ஆயின் உருவம் விளங்குவதாலேயே அது பழைய சிற்பமாகிவிடுமா? அணுகி நோக்குவார்க்கு அவள் திரண்ட உடலினள் அல்லள். தகடுகளால் ஆகிய உள்ளீடற்ற ஓடு. ஒட்டிய பொருத்துகள் மறைக்கப்படாது தழும்புகளாய்க் கிடக்கின்றன. கொலைக்கருவி சமைத்த இரும்பு கலைஞரின் அமைதிக் கரங்களுக்கும் உரியதாகலாம் என எழுதியவர் அவர். அரிவாளேந்திய அவளிடம் அவ்விரண்டும் சந்திக்கின்றன. வழிமாறினார் என்பாருக்கு, பார்சிலோனா வீழ்ந்த 1939 இல் ஆணிகளை முள்ளாக நிறுத்திச் செய்த ‘கள்ளி மனிதன்’ விடையாகும். அங்கே மனித உருவம் அரிதிற் புலப்படும், வேதனையோ மொன்செராத்தினதே. பொருளுக்கேற்ப வடிவைத் தேர்ந்தாரன்றி, ஒரு கொள்கைக்கு அடிமைப்பட்டிலர். அமெரிக்கச் சிற்பி டேவிட் சிமித் முதலியோர் அவரிடம் பெற்றது பெரும்பாலும் கம்பிக் கோட்டையே. இத்துயரை அவ்வளவாகப் பெற்றிலர்.

1940 இல் ஜேர்மானியர் பிரான்சைக் கைப்பற்றியபின் ஒட்டுவேலைக்குரிய வாயுக்கள் கிடைத்தல் அரிதாயிற்று. உலையிழந்த கொல்லர் சித்திரம் வரைந்தும் சாந்தினால் உருவமைத்தும் இருந்தார். 1942 மார்ச்சில் ஆர்க்கெயில் என்னுமிடத்தில் அவர் இறந்தபோது எஞ்சியவற்றுள் ஒன்று மொன்செராத்தின் தலை. முன்னர் நிமிர்ந்து நின்றவள், அதில் வாய்திறந்து அலறுகிறாள்.