சத்திரத்து இண்டர்காம்

கிரிவலப் பாதையோரத்தில் யாத்ரீகர் தங்கும் சத்திரம் ஒன்றின் கணக்கறையில், பதினாறு இணைப்புகளைத் தாங்கும் இண்டர்காம் பெட்டி ஒன்றை மூன்று பௌர்ணமிகள் வந்துபோகும் வரையில் நாள்தோறும் கையாண்ட பின்னரே அதைப் பற்றி எழுதத் துணிகிறேன். இத்தகைய சாதனத்தின் குணதோஷங்கள், ஓய்வாக அமர்ந்து சோதிக்கும் பிற்பகலில் அல்லாமல், மணி ஓயாமல் ஒலிக்கும் பௌர்ணமி இரவில்தான் புலப்படுகின்றன. கார்த்திகை தீபத்தன்று ஜனசமுத்திரத்தின் நடுவே கைப்பேசிகள் திணறும் வேளையிலும், கட்டடத்துக்குள்ளேயே தொடங்கி முடிந்துவிடும் இதன் பேச்சுக்கு வெளியுலகத் தயவு வேண்டியதில்லை.

இதில் திரை கிடையாது, சகலமும் எண்களே. வெளி லைனுக்குப் பூஜ்யம் என்பது இதன் முதல் விதி. புதியவர் இடறுவதும் அங்கேதான். சென்னைக்குப் பேச விரும்பி 044 என்று தொடங்கினால், பெட்டி முதல் பூஜ்யத்தைத் தனக்குரியதென்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் வெளியே அனுப்ப, அழைப்பு உள்ளூரிலேயே அலைகிறது. வெளியூருக்கு இரண்டு பூஜ்யம் என்பதை ஊழியர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

என் மனத்தைக் கவர்ந்தது, ஆளில்லாத மேஜையில் ஒலிக்கும் மணியை, இருந்த இடத்திலிருந்தே ஸ்டாரும் ஓர் எண்ணும் அழுத்தித் தன் கைக்கு வாங்கிக்கொள்ளும் வசதியே. இரவு இரண்டு மணிக்கு அறை கேட்டு அழைக்கும் குடும்பம் பதிலின்றிப் போகாமலிருக்க இதைவிட மேலான உபாயத்தை நான் கண்டதில்லை.

ஆனால் சமையற்கட்டில் இருக்கும் பழைய சுழல்வட்டத் தொலைபேசிக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அது ஐந்து என்றால் லைனை ஐந்து முறையும், பூஜ்யம் என்றால் பத்து முறையும் துண்டித்துத் துண்டித்து எண்ணைச் சொல்லும் யந்திரம். அதில் ஸ்டாருக்கு இடமேது? 1963-இல் அமெரிக்காவில் பழக்கத்துக்கு வந்த தொனி முறையிலோ ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுருதிகளைச் சேர்த்து ஒலிக்கிறது. ஸ்டாருக்கு 941-உம் 1209-உம் ஹெர்ட்ஸ். பேசுகிறவரின் குரலை எண்ணென்று பெட்டி மயங்காதிருப்பதற்காகவே இந்த ஜோடி. எனவே சமையற்கட்டின் தொலைபேசியை மாற்றியே தீரவேண்டும்.

குறை ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. ஒருவர் தம் அழைப்புகளை வேறு அறைக்குத் திருப்பிவிட்டு, ரத்து செய்யும் எண்ணை மறந்து வீடு சென்றால், மணி பூட்டிய அறையில் விடியுமட்டும் ஒலிக்கும். இரண்டாம் பௌர்ணமியில் எங்களுக்கு இதுவே நேர்ந்தது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் எண்கள் வேறுபடுவதால், முந்தைய அலுவலகத்தில் கற்றதும் கைகொடுப்பதில்லை. பெட்டியோடு வந்த புத்தகத்தில் தமிழ் ஓர் எழுத்தும் இல்லை. ஆகையால் எல்லா எண்களையும் தமிழில் எழுதிய அட்டையொன்றை ஒவ்வொரு தொலைபேசியின் அருகிலும் ஒட்டினேன்; ரத்து செய்யும் எண்ணை எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு மசியில்.