யாரு புள்ள நீ?

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தமிழ்த்துறைக்கு நேர்காணல். எம்.ஏ., நெட் சான்றிதழ்களோடு போயிருந்தேன். சிலப்பதிகாரத்தில் ஒரு கேள்வி. அடுத்தது, "தம்பி, யாரு புள்ள நீ?" வேலை செயலாளரின் மருமகளுக்குப் போனது. சம்பளம் அரசாங்கத்துடையது, ஆளைப் பொறுக்குவது நிர்வாகம். அந்தம்மா நன்றாகவே பாடம் நடத்துகிறாராம். இருக்கட்டும். என் சண்டை அந்தக் கேள்வியோடு.

ஒரு காலத்தில் அந்தக் கேள்வி சட்டமாகவே இருந்தது. 1895ஆம் வருஷத்துச் சென்னை மாகாணப் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டப்படி முன்சீப் குடும்பத்துக்கே முன்சீப் வேலை, கர்ணம் குடும்பத்துக்கே கர்ணம் வேலை. வெட்டி, தோட்டி வேலைகளும் அதே சட்டத்தில் பரம்பரைதான். கர்ணம் வீட்டுப் பிள்ளைக்கு ஊர் நிலம் மொத்தமும் எழுதிய கணக்கு கைமாறியது. என் பாட்டனுக்கு அவர் அப்பனிடமிருந்து வந்தது சாவுச் சேதி சொல்ல நடந்த பாதையும் சுடுகாட்டுக் கோலும். ரெண்டுக்கும் 'வாரிசுரிமை' என்று ஒரே பேர். என்ன சமத்துவம் பாருங்கள்!

தமிழ் படித்தவன் பழக்கம், சொல்லுக்குச் சொல் பார்ப்பேன். அரசியல் சட்டம் 15ஆம் பிரிவில் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்கிறது. அரசு வேலையைப் பேசும் 16(2)இல் 'வம்சம்' என்ற சொல்லும் சேர்கிறது. அதைப் பிடித்துத்தான் 1960 டிசம்பரில், குண்டூர் ஜில்லா கிராம முன்சீப் வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் அந்தப் பரம்பரை உரிமையைச் செல்லாது என்றது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேரக் கிராம அதிகாரி பதவிகளையே ஒழித்தது. பரீட்சை எழுதிக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். சேரிப் பிள்ளையும் சிட்டா அடங்கலைக் கையில் எடுத்தது அப்புறம்தான்.

வெட்டியான் வேலைக்கு மட்டும் பரீட்சை வைக்கச் சொல்லி எவனும் கேட்கவில்லை. செயலாளர் வீட்டு ஆள் யாரும் அதற்கு மனுப் போட்டதாகவும் சேதி இல்லை.

நம்ம பக்கமும் பேசணும். தோழர் ஒருவர் அதிகாரியானார். தற்காலிக வேலை ஒன்று விழுந்தபோது மச்சானை வைத்தார். அதே தெருவில் கூடுதலாகப் படித்த பையன் ஒருவன் மனுவோடு நின்றான். "நம்ம ஆளுக்கு நான் செய்யாம யாரு செய்வா?" என்றார். சேரிக்குச் செய்வது வேறு, மச்சானுக்குச் செய்வது வேறு தோழர் என்றேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.