கல்வெட்டிலிருந்து கணினிக்கு

இலக்கியம் என்று எவரும் பெரிதாகப் போற்றாத ஒரு நூல்வகை யாழ்ப்பாணத்தில் உண்டு. முப்பத்தோராம் நாட் கிரியைக்கு வந்தோர் கையிற் கொடுக்கப்படும் 'கல்வெட்டு' என்னும் நினைவு மலரே அது. இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றைக் கூறும் திதி வெண்பா, வமிச வரலாறு, மனைவி மக்கள் புலம்பல் என்பன அதன் உறுப்புகள். திருமகள் அழுத்தகம் முதலிய அச்சகங்களாற் பெயர்பெற்ற சுன்னாகத்தில் இந்நூல் நுழையாத வீடு அரிது.

இவ்வடிவத்தின் குறைகள் வெளிப்படையானவை. பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்தும் புலம்பல்களே அதிகம். வசதியுள்ளவன் இறந்தால் வழவழப்பான தாளில் மலர் வரும். தோட்டக் கூலியாளன் இறந்தால் அதுவும் இல்லை. ஆயினும், அது துயருக்கு ஒரு நாளை வகுத்தது; ஆண்டுத் திவசத்துக்குத் திதியைத் தந்தது; துயரைத் தனியொருவர் சுமையாக விடாது ஊரின் கைகளிற் பகிர்ந்தது.

இன்று அப்பணியிற் கணினியும் கைத்தொலைபேசியும் பங்குகொள்கின்றன. இலண்டனிலுள்ள மகன் தாயின் இறுதிக்கிரியையை நேரலையிற் காண்கின்றான். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்துப் பேணுகின்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியக் கண்ட மக்களுக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இக்கருவிகளை வடிவமைப்போரிடம் நாம் ஒரு வினாவை எழுப்பியாதல் வேண்டும். இணைய நினைவுப் பக்கங்கள் 'தோற்றம்', 'மறைவு' என இரு திகதிகளின்மீதே எழுகின்றன. இறந்தோர் கணக்கை நினைவுக் கணக்காக்கும் முறையை 2009 இல் அறிமுகஞ்செய்த முகநூல் நிறுவனமும் இறப்புக்குச் சான்று கேட்கின்றது. மறைவுத் திகதியே அறியாதவள் என் செய்வாள்? காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். அவர்களுக்குத் திதியும் இல்லை, வெண்பாவும் இல்லை. இறந்தார் என்று எழுதுவது அவர்களுக்கு ஆறுதலன்று, தம் கோரிக்கையைத் தாமே கைவிடுவதாகும்.

இந்நிலையைச் சட்டங்கூட ஓரளவு கண்டுகொண்டது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்பதற்கே சான்றிதழ் வழங்க 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. சான்றிதழ் நீதியாகாது என்பது உண்மையே. எனினும், சட்டம் ஒப்புக்கொண்ட அந்த இடைநிலைக்கு நினைவுக் கருவிகளில் இடமில்லாதிருப்பது எவ்வாறு பொருந்தும்?

ஆகவே, மறைவுத் திகதியை நிரப்பாமலே ஒரு பக்கத்தைத் திறக்க வழி வேண்டும். எதை நினைவூட்டுவது, எப்போது மூடுவது என்பவற்றை நிறுவனமன்றி உறவினரே தீர்மானிக்க வேண்டும். துயருற்றவரின் கண்ணீருக்கருகே விளம்பரம் விற்கப்படலாகாது.

பழைய கல்வெட்டு, வசதியற்றவனை வெளியே நிறுத்தியது. புதிய கருவி, விடை கிடைக்காதவளை வெளியே நிறுத்துமாயின், மாறியது தாள் மட்டுமே.