அரிசியை எண்ண, முதலில் அரிசியை அழி

மேட்லாப் மென்பொருளின் படச் செயலாக்கத் தொகுப்போடு சில மாதிரிப் படங்கள் வருகின்றன. நாணயங்கள், குடமிளகாய்கள், முக்காலியில் கேமரா வைத்து நிற்கும் ஓர் ஆள். அவற்றில் அதிகம் அலட்டிக்கொள்ளாதது, கறுப்புப் பின்னணியில் சிதறிக் கிடக்கும் அரிசி மணிகளின் படம். இந்தத் துறையை ரசிக்கப் பழக அதுவே சரியான இடம்.

முதலில் பார்வையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் கிளீவ் மோலர் தம் மாணவர்களுக்காக உருவாக்கிய மேட்லாப், அணிகளைக் கணக்கிடவே பிறந்தது. அதன் கண்ணில் இந்தப் படம் 256 வரிசை, 256 நிரல் கொண்ட எண் கட்டம். 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை.

இதில் எத்தனை அரிசி? வெளிச்சமான புள்ளிகளைப் பிரித்து எண்ணினால் போதும் என்று தோன்றும். எங்கே வெட்டுவது என்பதை ஜப்பானியரான ஒட்சு 1979-இல் வெளியிட்ட முறை தானே தேர்ந்தெடுத்துத் தரும். ஆனால் படத்தின் நடுவில் வெளிச்சம் கூடுதல், அடியில் குறைவு. ஒரே அளவுகோலால் வெட்டினால் அடியிலுள்ள மணிகள் தேய்ந்துபோகின்றன.

இங்கேதான் மேட்லாபின் ‘இம்ஓப்பன்’ என்ற செயற்கூறு வருகிறது. 15 புள்ளி ஆரமுள்ள ஒரு வட்டத்தைக் கொடுத்தால், அந்த வட்டம் அடங்காத அளவுக்கு ஒடுங்கிய வெளிச்சங்களையெல்லாம் அது துடைத்துவிடும். ஒரு மணிகூட மிஞ்சாது! மிஞ்சுவது பின்னணியின் ஏற்ற இறக்கமான வெளிச்சம் மட்டும். அதை மூலப்படத்திலிருந்து கழித்தால் சமமான இருட்டில் மணிகள் பளிச்சென்று நிற்கும். பிறகு ஒட்சு வெட்டுவார், ‘பிடபிள்யூகான்காம்ப்’ என்ற செயற்கூறு எண்ணும். எண்ண வேண்டியதையே அழித்துவிட்டு, அந்த வெறுமையைக் கொண்டு அதை மீட்பது கணித நயம்தான்.

கடைசி விடைக்கு ஓடாமல் ஒவ்வொரு படியையும், படத்தைத் திரையில் காட்டும் ‘இம்ஷோ’ போட்டுப் பார்ப்பதில்தான் சுவை. 15-ஐ 2 ஆக்கிப் பாருங்கள்: வட்டம் மணிக்குள்ளேயே அடங்கிவிடும், கழிக்கும்போது பின்னணியோடு அரிசியும் போய்விடும். ஒட்டிக்கொண்ட இரண்டு மணிகளை மேட்லாப் ஒன்றாகவே எண்ணும் என்பதும் இப்படிப் படிப்படியாகப் பார்க்கும்போது கண்ணில் படும்.

இதே கண்ணோடு ‘மெட்பில்ட்2’ என்ற செயற்கூற்றையும் பார்க்கலாம். உப்பும் மிளகும் தூவியதுபோல் புள்ளி விழுந்த படத்தில், அக்கம்பக்கத்து 9 எண்களை வரிசைப்படுத்தி ஐந்தாவதை எடுத்துக்கொள்கிறது. சராசரி எடுத்தால் கறை பரவும். நடு எண்ணை எடுத்தால் கறை பெரும்பாலும் காணாமல் போகும். இவ்வளவு எளிய யோசனைக்கு இவ்வளவு பலன் அபூர்வம்.

மேட்லாப் விலை கொடுத்து வாங்க வேண்டியது. இலவசமான ஆக்டேவில் ‘இமேஜ்’ துணைத்தொகுப்பை நிறுவினால் இதே செயற்கூறுகள் பெரும்பாலும் இதே பெயர்களில் கிடைக்கும். கறுப்புத் துணியில் ஒரு பிடி அரிசியைத் தூவிப் படமெடுத்து, அதிலேயே தொடங்குங்கள்.