அலெக்சாந்தர் ரோமுக்கு வந்திருந்தால்

ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி தம் வரலாற்றின் ஒன்பதாம் புத்தகத்தில், இத்தாலிய மலைவாசிகளான சாம்னைட்டுகளோடு ரோம் நடத்திய போர்களை விவரித்துக்கொண்டு வரும்போது கதையைச் சற்று நிறுத்துகிறார். அலெக்சாந்தர் கிழக்கே போகாமல் மேற்கே திரும்பி இத்தாலிக்குள் நுழைந்திருந்தால் யார் வென்றிருப்பார்கள் என்று கேட்டு, அந்தக் கேள்விக்குப் பல பக்கங்களை ஒதுக்குகிறார். அலெக்சாந்தர் பாபிலோனில் இறந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை அந்தப் பக்கங்கள். ஒருபோதும் சந்தித்திராத வீரர்களைக் கற்பனைக் களத்தில் மோதவிடும் எழுத்துக்கு நம் கையில் இருக்கும் பழைய மாதிரிகளில் இதுவே விரிவானது. இந்த வகையின் பலமும் பலவீனமும் இதிலேயே இருக்கின்றன.

லிவியின் தீர்ப்பு ரோமுக்குச் சாதகமானது. அவர் சொல்லும் காரணங்கள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. அலெக்சாந்தரின் குடி, பாரசீக உடை, எதிரே வருபவர்கள் காலில் விழவேண்டும் என்ற ஆசை ஆகியவற்றைப் பட்டியலிடுவது வெறும் வசை. எண்ணிக்கைக் கணக்கு அதைவிடக் கனமானது: மாசிடோனியாவிலிருந்து வரக்கூடியது 30,000 காலாட்படையும் 4,000 தெசலிக் குதிரைப்படையும், ரோமின் குடிக்கணக்கிலோ 2,50,000 பேர். எல்லாவற்றையும்விட உறுதியானது மூன்றாவது காரணம். அலெக்சாந்தர் ஒரே ஆள். அவர் விழுந்தால் எல்லாம் விழும். ரோமில் தளபதி பபிரியஸ் கர்சர் விழுந்தால் ஃபேபியஸ் வருவார், அவருக்குப் பின்னால் இன்னொருவர் வருவார். ஆண்டுக்கு ஒரு முறை தளபதி மாறுவதை ரோமின் குறையாகச் சொல்வோர் உண்டு. அந்த மாற்றங்களையும் தாங்கி நின்றதே ரோமின் வலிமைக்குச் சான்று என்கிறார் லிவி. வாளையும் கேடயத்தையும் தாண்டி, தோற்ற பிறகு எழுந்து நிற்கும் திறனை அவர் அளக்கப் பார்க்கிறார். இந்த வகையில் பின்னால் எழுதிய பலர் அந்த இடம்வரை வரவே இல்லை.

ஆனாலும் அவர் வைத்த தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. அதே ஒன்பதாம் புத்தகம் தொடங்குவதே காடியக் கணவாய் நிகழ்ச்சியோடுதான். கி.மு. 321-இல், அலெக்சாந்தர் இறந்த இரண்டே ஆண்டுகளில், ரோமானியப் படை மலைக் கணவாய் ஒன்றில் சாம்னைட்டுகளிடம் சிக்கிச் சரணடைந்தது. ஈட்டிகளால் கட்டிய நுகத்தடியின் கீழ் குனிந்து வெளியேறியது. அலெக்சாந்தரை வெல்லும் என்று லிவி நம்பும் ரோம், மலைவாசிகளிடம் இப்படித் தோற்ற அதே தலைமுறை ரோம்தான். ஆயுதத்திலும் அவர் காலத்தைக் குழப்புகிறார். நீண்ட பெருங்கேடயமும் கனத்த எறிஈட்டியும் ஏந்தி, சிறு சிறு குழுக்களாகப் பிரிந்தும் சேர்ந்தும் இயங்கும் படையைத்தான் அவர் மாசிடோனியர்களுக்கு எதிரே நிறுத்துகிறார். அப்படிப்பட்ட படை சாம்னைட் போர்களின் போக்கில்தான் உருவானது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பழைய ரோமானியர்கள் மாசிடோனியர்களைப் போலவே நெருக்கமான ஈட்டி அணியில் போரிட்டார்கள் என்று லிவியே எட்டாம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். தன் ஊரின் பிற்காலத்துப் படையைப் பழைய எதிரியோடு மோதவிடுகிறோம் என்பது அவர் கண்ணில் படவில்லை.

நடந்துவிட்ட சோதனை ஒன்றும் உண்டு. அலெக்சாந்தரின் உறவினரான எபைரஸ் மன்னர் பைரஸ், அதே பாணிப் படையோடும் யானைகளோடும் இத்தாலியில் இறங்கினார். கி.மு. 280-இல் ஹெராக்லியாவிலும் அடுத்த ஆண்டு அஸ்குலத்திலும் வென்றார். அந்த வெற்றிகளுக்கு அவர் கொடுத்த உயிர்விலை இன்றும் பழமொழியாக நிற்கிறது. கி.மு. 275-இல் பெனவென்டம் போருக்குப் பின் இத்தாலியை விட்டுப் போய்விட்டார். களத்தில் மாசிடோனிய முறை வெல்லும், நீடிப்பதில் ரோம் வெல்லும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் விடை. லிவியின் மூன்றாவது காரணத்துக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை; அவருடைய மற்ற காரணங்களுக்கு இது உதவவும் இல்லை.

இந்தத் துறையில் என் மனம் நாடும் ஆசிரியர் லிவிக்கு ஒரு நூற்றாண்டு முந்திய கிரேக்கர் பொலிபியஸ். மாசிடோனியா கி.மு. 168-இல் பிட்னாவில் வீழ்ந்த பிறகு பிணைக்கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டவர் அவர். பிணைக்கைதியாக இருந்தும் புலம்பாமல் அளவுநாடாவைக் கையில் எடுத்தார். மாசிடோனியரின் சரிசா ஈட்டி 14 முழம், அதாவது 6 மீட்டருக்கும் சற்று மேல். பிடிப்பதற்கும் சமநிலைக்கும் 4 முழம் பின்னால் போக, 10 முழம் முன்னே நீளும். ஒவ்வொரு வீரனுக்கும் மூன்றடி இடம். எனவே முதல் வரிசையில் நிற்பவனுக்கு முன்னால் ஐந்து ஈட்டிமுனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ரோமானிய வீரன் வாளை வீசவும் கேடயத்தைத் திருப்பவும் பக்கவாட்டில் இன்னும் மூன்றடி வேண்டும். ஆகவே அவன் ஒருவனே இரண்டு மாசிடோனியர்களை, பத்து முனைகளை எதிர்கொள்கிறான். நேருக்கு நேர் நின்றால் இந்த அணியை எதுவும் தாங்காது என்று பொலிபியஸ் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார்.

அப்படியானால் ரோம் வென்றது எப்படி? அதற்கு அவர் தரும் விடை நிலம். பள்ளமும் மரமும் ஓடையும் இல்லாத சமவெளி கிடைத்தால்தான் அந்த அணி அணியாக நிற்கும். அப்படிப்பட்ட வெளி எங்கே இருக்கிறது, இருந்தாலும் எதிரி ஏன் அங்கே வரவேண்டும்? கி.மு. 197-இல் சைனோசெஃபலேயில் மாசிடோனியரின் வலப்பக்க அணி ரோமானியர்களைத் தள்ளிக்கொண்டே போனது. அப்போது பெயர் தெரியாத ரோமானிய அதிகாரி ஒருவர் இருபது சிறுகுழுக்களைப் பிரித்துக்கொண்டு அதன் முதுகுப்பக்கம் பாய்ந்தார். நீண்ட ஈட்டியோடு நெருக்கி நிற்பவனால் திரும்ப முடியாது. போர் அங்கேயே முடிந்தது. யார் வலியவர் என்ற கேள்வியை எந்த நிலத்தில், எத்தனை அடி இடைவெளியில், யார் பக்கத்தில் நின்று என்று பொலிபியஸ் மாற்றிக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்களை லிவியின் வழியினர், பொலிபியஸின் வழியினர் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் இந்தத் துறையின் வரலாறு தெளிவாகத் தெரியும்.

லிவியின் வழி அவர் காலத்திலேயே கொடூரமான வடிவம் எடுத்தது. கி.மு. 2-இல் பேரரசர் அகஸ்டஸ் டைபர் ஆற்றுக்கு அப்பால் 1,800 அடி நீளமும் 1,200 அடி அகலமும் கொண்ட குளம் வெட்டி, 30 பெரிய போர்க்கப்பல்களையும் துடுப்பு வலிப்பவர்கள் நீங்கலாக 3,000 வீரர்களையும் இறக்கி, ஏதென்ஸ்காரர்களுக்கும் பாரசீகர்களுக்கும் நடந்த பழைய போரை மீண்டும் நடத்திக் காட்டினார். அதில் ஏதென்ஸ் வென்றது, வரலாற்றில் நடந்தது போலவே. கி.பி. 80-இல் டைட்டஸ் நடத்திய விழாவில் ஏதென்ஸுக்கும் சிரகூசுக்குமான போர். உண்மையில் கி.மு. 413-இல் சிரகூசில் ஏதென்ஸின் படை அடியோடு அழிந்தது. ரோமின் நீர்க்களத்திலோ ஏதென்ஸ் வேடமிட்டவர்கள் வென்று, நடுவே இருந்த தீவில் இறங்கி மதிலையும் பிடித்தார்கள் என்று காசியஸ் தியோ எழுதியிருக்கிறார். இத்தகைய நீர்ப்போர்களில் இறக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் போர்க்கைதிகள், மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள். யாரோ ஒருவரின் ‘இப்படி நடந்திருந்தால்’ என்ற ஆசைக்காக அவர்கள் உண்மையாகவே செத்தார்கள். இந்த விளையாட்டைப் பற்றி எழுதும் எவரும் அவர்களைத் தாண்டிப் போகக் கூடாது.

இடைக்காலத்தில் இந்தக் கற்பனை போட்டியாக இல்லாமல் கூட்டமாக மாறியது. ஹெக்டர், அலெக்சாந்தர், சீசர், யோசுவா, தாவீது, ஆர்தர், சார்லமேன் முதலிய ஒன்பது பெருவீரர்களை ஒரே வரிசையில் நிறுத்தும் வழக்கம் 14-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிதை வழியே பரவி, சுவர் ஓவியங்களிலும் சிற்பங்களிலும் இடம்பிடித்தது. அங்கே யாரும் யாரோடும் மோதவில்லை. 1599-இல் ஜார்ஜ் சில்வர் என்ற ஆங்கிலேயர் எழுதிய வாட்பயிற்சி நூல்தான் மறுபடி கணக்குக்குத் திரும்புகிறது. இத்தாலிய மெல்வாளை வெறுத்தவர் அவர். அந்த வெறுப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆனாலும் எந்த ஆயுதம் எதை வெல்லும் என்று வரிசை போடும்போது, தனியாள் சண்டைக்கு ஒரு வரிசையும் படைக்களத்துக்கு வேறு வரிசையும் தருகிறார். பொலிபியஸின் மூன்றடி அவருக்கும் புரிந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கற்பனை எண்களின் கைக்குப் போனது. ஆங்கிலப் பொறியாளர் லான்செஸ்டர் 1916-இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டினார். கைகலப்பில் ஒருவன் ஒரு நேரத்தில் ஒருவனோடுதான் மோத முடியும். ஆகவே ஆள்பலம் நேர்க்கணக்கில் பெருகும். தூரத்திலிருந்து சுடும் காலத்தில் பலர் சேர்ந்து ஒருவனைக் குறிவைக்கலாம். அப்போது ஆள்பலம் வர்க்கக் கணக்கில் பெருகும். இருமடங்கு ஆட்கள் இருந்தால் நான்கு மடங்கு வலிமை. காலம் மாறினால் ஆயுதத்தோடு கணக்கின் விதியே மாறிவிடுகிறது என்பதுதான் இதன் பொருள். வாள் முதல் அணுகுண்டு வரை எல்லா ஆயுதங்களுக்கும் ஒரே அளவுகோலில் கொல்திறன் எண் வழங்கப் பார்த்தார் அமெரிக்கப் படையாய்வாளர் ட்ரெவர் டூப்யூ. பெரிய உழைப்பு அது. ஆனால் ஒரே அளவுகோலில் எல்லாக் காலங்களையும் நிறுத்துவதில் இருக்கும் சிக்கலை லான்செஸ்டர் முன்பே காட்டிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கணினி சொன்னால் அது உண்மை என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் குத்துச்சண்டையே சாட்சி. 1967-இல் அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் மரே வோரோனர், எல்லாக் காலத்துப் பெருங்குத்துச்சண்டை வீரர்கள் பதினாறு பேரின் விவரங்களை என்.சி.ஆர். 315 கணினியில் ஏற்றிப் போட்டி நடத்தினார். அதில் முகமது அலி, பழைய வீரர் ஜிம் ஜெஃப்ரிஸிடம் காலிறுதியில் தோற்றார். பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார் அலி. அந்த வழக்கிலிருந்து பிறந்ததுதான் அடுத்த ஏற்பாடு: ஒரு போட்டியில்கூடத் தோற்காமல் 49 வெற்றிகளோடு ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோவும் அலியும் 1969-இல் மயாமியில் கேமராவுக்கு முன் ஒரு நிமிடச் சுற்றுகளாகச் சண்டையிட்டார்கள். மார்சியானோ எடையைக் குறைத்து, விக் வைத்து வந்தார். வெவ்வேறு முடிவுகளைப் படம்பிடித்து வைத்துக்கொண்டார்கள். எது வெளிவரும் என்று இருவருக்கும் தெரியாது. ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் மார்சியானோ இறந்தார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடிய படத்தில் 13-ஆம் சுற்றில் வென்றவர் மார்சியானோ. பிரிட்டனில் காட்டிய பதிப்பில் வென்றவர் அலி. போருக்குப் போக மறுத்து உரிமம் பறிக்கப்பட்டிருந்த கறுப்பின வீரர் அப்போது அலி. எந்த ஊரில் எந்த முடிவு விலைபோகும் என்பதைக் கணினி தீர்மானிக்கவில்லை.

2009 முதல் 2011 வரை ஓடிய ‘டெட்லியஸ்ட் வாரியர்’ அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் இதையே ஆய்வுக்கூடச் சாயலில் செய்தது. வைக்கிங்குக்கு எதிரே சாமுராய், ஸ்பார்ட்டனுக்கு எதிரே நிஞ்ஜா. ஜெல் பொம்மைகளையும் பன்றி உடல்களையும் வெட்டி, காயத்தின் ஆழத்தை அளந்து, கணினியில் ஆயிரம் முறை மோதவிட்டு முடிவு சொன்னார்கள். வெட்டின் ஆழம் உண்மையான அளவீடுதான். ஆனால் ஒரு பகுதியில் ராஜபுத்திர வீரனின் கையில் சுருள்வாளைக் கொடுத்து ரோமானியச் செஞ்சூரியனோடு மோதவிட்டார்கள், ராஜபுத்திரன் வென்றான். இன்றும் சுருள்வாளைக் கேரளக் களரிகளிலும் தமிழ்நாட்டுச் சிலம்பக் கூடங்களிலும் கற்றுத்தருகிறார்கள். அந்த வாளைச் சுழற்றுபவரைப் பார்த்த எவருக்கும் தெரியும், அவரைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருக்கவேண்டும். தோழன்கூட அதற்குள் வர முடியாது. செஞ்சூரியனோ ஏறத்தாழ 80 பேருக்குத் தலைவன். தோளோடு தோள் நிற்கும் அணியில்தான் அவன் தொழில். அந்த 80 பேரை எடுத்துவிட்டு அவனைத் தனியே நிறுத்தினால், அவன் செஞ்சூரியனே இல்லை.

பொலிபியஸின் வழியினர் இப்போது இருப்பது பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் அஸ்க்யூவும் குழுவினரும், பழைய போர்முறைகளில் தேர்ந்தவர்களுக்கு 15-ஆம் நூற்றாண்டுக் கவசத்தின் நகல்களை அணிவித்து டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டார்கள். கவசத்தின் எடை 30 முதல் 50 கிலோ. நடப்பதற்கு வேண்டிய ஆற்றல் இருமடங்குக்கு மேல் ஏறியது. அதே எடையை முதுகில் சுமப்பதைவிட இது கடினம். ஏனென்றால் காலில் கட்டிய இரும்பை ஒவ்வொரு அடியிலும் தூக்கி வீச வேண்டியிருக்கிறது. மார்புக் கவசம் நெஞ்சை விரியவிடாததால் மூச்சு ஆழமாக இழுக்க முடியாமல் அடிக்கடி இழுத்தார்கள். 1415-இல் அஜின்கோர்ட்டின் சேற்றில் பிரெஞ்சு வீரர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை இந்த மூச்சு சொல்வதுபோல் எந்தக் காவியமும் சொன்னதில்லை.

கிரேக்கத்தின் டெந்திராவில் 1960-இல் கிடைத்த 3,500 ஆண்டுப் பழைய வெண்கலக் கவசம் சடங்குக்கானது, போருக்கு உதவாது என்று வெகுகாலம் பேசப்பட்டது. 2024-இல் வெளியான ஆய்வில், கிரேக்கக் கடற்படைக் காலாட்படையின் வீரர்கள் 13 பேர் அதன் நகலை அணிந்து 11 மணி நேரம் போர்ப்பயிற்சி செய்தார்கள். ஹோமர் விவரிக்கும் போர்முறையையும் உணவையும் வைத்து அந்த நாளைத் திட்டமிட்டிருந்தார்கள். கவசம் போருக்குத் தகுந்ததுதான் என்று முடிவு வந்தது. இன்னொரு குழுவினர் வெண்கல வாள்களின் நகல்களை மோதவிட்டு, விழுந்த தழும்புகளைப் பிரிட்டனிலும் இத்தாலியிலும் கிடைத்த 110 பழைய வாள்களின் தழும்புகளோடு ஒப்பிட்டார்கள். வெண்கலம் மென்மையானது, அதனால் கண்டபடி மோதியிருக்க மாட்டார்கள் என்ற எண்ணத்துக்கு மாறாக, கற்றுத் தேர்ந்த வாள்வித்தை அந்தத் தழும்புகளில் தெரிந்தது. இந்த ஆய்வுகளில் யாரும் யாரையும் வெல்லவில்லை. ஆனால் வைக்கிங்கா சாமுராயா என்று கேட்பவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தானே: அந்த உடம்பால் என்ன முடிந்தது, எவ்வளவு நேரம் முடிந்தது.

அச்சத்தை மட்டும் டிரெட்மில்லில் அளக்க முடியாது. அதற்கு நல்ல வழி காட்டியது 1976-இல் வந்த ஜான் கீகனின் ‘த ஃபேஸ் ஆஃப் பேட்டில்’. தாம் போரில் இருந்ததில்லை என்று சொல்லித்தான் அவர் நூலைத் தொடங்குகிறார். அஜின்கோர்ட், வாட்டர்லூ, 1916-இன் சோம் ஆகிய மூன்று களங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காயம்பட்டவனுக்கு என்ன ஆனது, எதிரியை எவ்வளவு தூரத்தில் பார்த்தான், ஓட நினைத்தவனைத் தடுத்தது எது என்று கேட்கிறார். வில்லாளியும் இயந்திரத் துப்பாக்கி வீரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளாமலே நம் முன் வந்து நிற்கிறார்கள்.

நம் பக்கத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. சரிசா பிடித்த மாசிடோனியனைக் கேட்க இன்று ஆளில்லை. சுருள்வாள் சுழற்றும் ஆசான்கள் சிலம்பக் கூடங்களில் இருக்கிறார்கள். ஒருவருக்கு எத்தனை அடி வட்டம் வேண்டும், எத்தனை நிமிடம் மணிக்கட்டு தாங்கும், குறுகலான தெருவில் வாள் எப்படித் திரும்பும், இரண்டு பேர் எவ்வளவு தள்ளி நின்றால் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் ஒரு வாசலைக் காக்கலாம் என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டும் அளந்தும் எழுதிவைக்கலாம். தோற்ற மாசிடோனிய ஈட்டிக்குப் பொலிபியஸ் செய்தது இந்த வேலைதான்.