உள்ளூர்க் கத்தியா, வெளிநாட்டுக் கத்தியா?

சமையல் கத்தி வாங்குகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் குழம்பிப்போவார்கள். முன்பக்கம் நமக்கு நன்கு பழகிய இந்தியப் பெயர் இருக்கும், பின்பக்கம் பொடி எழுத்தில் ‘தயாரிப்பு: சீனா’ என்று இருக்கும். பக்கத்துக் கொக்கியில் ஜப்பான் பெயரோடு தொங்கும் கத்தி ராஜஸ்தானிலிருந்து வந்திருக்கலாம். 1908இல் ஜப்பானின் செகி நகரில் தொடங்கிய ‘கை’ நிறுவனத்துக்கு ராஜஸ்தான் நீம்ரானாவில் தொழிற்சாலை இருக்கிறது. ஆகவே ‘நம் நாட்டுக் கத்திதான் வாங்குவேன்’ என்று கிளம்புகிறவருக்குப் பிராண்டு பெயர் வழிகாட்டாது.

உலகம் முழுக்க இதே கதைதான். ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊர்ப் பெயருக்கு 1938 முதல் சட்டக் காவல் உண்டு. அந்த வட்டாரத்தில் முக்கிய வேலைகள் நடந்த கத்தியில்தான் அந்தப் பெயரைப் பொறிக்க முடியும். அதே ஊரில் 1731இல் முத்திரையைப் பதிவு செய்த ஸ்விலிங் நிறுவனம், இரட்டையர் உருவம் பொறித்த கத்திகளை இன்றும் அங்கே செய்கிறது. ஒற்றை ஆள் உருவம் பொறித்த மலிவு வரிசையை ஸ்பெயின், சீனா என்று வெளியே செய்விக்கிறது. கடையில் இரண்டும் அருகருகே தொங்கும், விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ இந்த விஷயத்தில் நேர்மையான நிறுவனம். மடக்குக் கத்திகளைக் கொலராடோவின் கோல்டன், ஜப்பானின் செகி, தைவானின் தைச்சுங், சீனா என்று பல இடங்களில் செய்து, எங்கே செய்தது என்பதை அலகிலேயே பொறித்துவிடுகிறது. தைச்சுங் கத்திகளின் நேர்த்தியை அமெரிக்கக் கத்திப் பிரியர்களே மெச்சுகிறார்கள்.

என் சமையலறையில் இப்போது நான்கு வகைக் கத்திகள் புழக்கத்தில் இருக்கின்றன. திருப்பாச்சேத்திப் பக்கம் ஒரு பட்டறையில் அடித்து வாங்கியது ஒன்று. இந்தியத் தொழிற்சாலையின் எவர்சில்வர் கத்தி ஒன்று. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் ஒன்று. விஜி-10 என்ற எஃகில் செய்த ஜப்பான் கத்தி ஒன்று. சின்ன வெங்காயம் முதல் சேனைக்கிழங்கு வரை, வாழைத்தண்டு முதல் வஞ்சிரம் வரை எல்லாவற்றையும் நான்கிலும் மாற்றி மாற்றி வெட்டிப் பார்த்ததில் தோன்றியவை இவை.

முதலில் பட்டறைக் கத்தி. சிவகங்கை மாவட்டத்தின் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். இந்த வகைப் பட்டறைகளில் பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டைதான் மூலப்பொருள். நூற்றில் அரைப் பங்குக்குச் சற்று மேல் கரி கலந்த எஃகு அது. வளைந்து நிமிர்வதற்கென்றே செய்யப்பட்டதால் உடையாமலிருப்பதில் பிடிவாதக்காரன். அதை உலையில் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் தட்டி, மறுபடி காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்துக் கத்தியாக்குகிறார்கள். என் பட்டறைக்காரர் இரும்பைத் தொடும் முன் கேட்டது ஒரே கேள்வி. “அண்ணே, இத வச்சு எலும்பு வெட்டுவீங்களா, காய் வெட்டுவீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல.” எந்த ஆன்லைன் கடையும் இதைக் கேட்காது. காய் என்றேன். வாயை மெலிதாகத் தட்டிக் கொடுத்தார். தீட்டுவதற்குத் தனியாகக் காசு தருகிறேன் என்றதும் இன்னும் கொஞ்சம் நேரம் உட்கார்ந்தார்.

பரங்கிக்காய், சேனை, பலாக்காய், கோழி மூட்டு ஆகியவற்றில் இந்தக் கத்தி ராஜா. முதுகு தடிமனாக இருப்பதால் கை வலிக்காமல் இறங்குகிறது, பல் விழுவதில்லை. அந்தத் தடிமனே கேரட்டில் குற்றமாகிறது. பாதி இறங்கியதும் வெட்டுவதை விட்டுப் பிளக்கத் தொடங்குகிறது. வெங்காயத்தைப் பொடியாக அரிய உட்கார்ந்தால் பொறுமை போய்விடும். துரு இன்னொரு தொல்லை. எலுமிச்சை, மாங்காய், புளிப்பு எதுவானாலும் வெட்டிய கையோடு கழுவித் துடைக்க வேண்டும். ஈரத்தோடு தொட்டியில் கிடந்தால் காலையில் செம்பழுப்பாகிவிடும். முதல் சில வாரங்களுக்கு வெங்காயத்தில் இரும்பு வாடையும் அடிக்கும். அலகு மெல்லக் கருத்துப் படலம் பிடித்த பிறகு வாடை அடங்குகிறது. துடைத்து ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வைப்பதில் சலிப்பில்லாதவர்களுக்கே இது சரிப்படும்.

ஜப்பான் கத்தி இதற்கு நேர் எதிர். விஜி-10 எஃகில் கரி ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு, குரோமியம் பதினைந்து. ராக்வெல் அளவில் 60ஐ ஒட்டிய கடினம். அலகு மெலிது, கூர் அதைவிட மெலிது. தக்காளித் தோலின் மேல் வைத்தாலே கிழிகிறது. வெங்காயத்தின் செல்களை நசுக்காமல் வெட்டுவதால் கண்ணும் அவ்வளவாக எரியாது. மீன் துண்டத்தைச் சதை பிய்யாமல் சீவ இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கடினமான எஃகு நொறுங்கும் எஃகும்கூட. ஊறுகாய்க்கு மாங்காயைக் கொட்டையோடு வெட்டுகிற வீட்டில் இதற்கு வேலையில்லை. என் கத்தியில் மாங்கொட்டை ஓடு பட்ட இடத்தில் பொடிப் பல் விழுந்திருக்கிறது. தேங்காய், மீன் தலை, உறைந்த இறைச்சி பக்கமும் கொண்டுபோக முடியாது. தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடமும் கொடுக்க முடியாது. உலர்ந்த சாணைச் சக்கரத்தில் பொறி பறக்க அழுத்தினால் வாய்ப்பகுதி சூடேறிப் பதம் போய்விடும். தண்ணீர்க் கல்லில், கோணம் பார்த்து, வீட்டிலேயே தீட்ட வேண்டும். கல்லோடு சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகலாம். அதை ரசித்துச் செய்கிறவர்களுக்கு இது நல்ல துணை. மற்றவர்கள் வீட்டில் சில மாதங்களில் சாதாரணக் கத்தியாகிவிடும்.

விக்டோரினாக்ஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதுவே அதன் சிறப்பு. 1884இல் கார்ல் எல்ஸனர் சுவிட்சர்லாந்தின் இபாக்கில் தொடங்கிய நிறுவனம். மடக்குக் கத்திக்குப் பேர்போனது என்றாலும் உலகெங்கும் ஓட்டல் சமையலறைகளில் புழங்குவது அதன் சமையல் கத்திகள். சம்மட்டி படாத, தகட்டிலிருந்து அச்சில் வெட்டி எடுத்த அலகு. பிளாஸ்டிக் பிடி. கடினம் 56ஐத் தாண்டாது. இருந்தும் அலகை மெலிதாக இழைத்து, வாயை ஒழுங்காகத் தீட்டி அனுப்புகிறார்கள். மழுங்கினால் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு பூசாத வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் திரும்பிவிடுகிறது. வளைந்து கொடுக்குமே தவிர உடையாது. சிறிய காய்கறிக் கத்தி சில நூறு ரூபாய்தான். அந்த விலைக்கு இதைவிட நல்ல கத்தியை நான் பிடித்ததில்லை.

நான்காவது, நம் தொழிற்சாலைக் கத்தி. பெயர் வேண்டாம், இந்த விலையில் கிடைக்கும் பலவற்றின் குணம் ஏறக்குறைய இதுதான். எஃகு கொஞ்சம் மென்மை, துருப்பிடிக்காது, விலை குறைவு. வாங்கிய அன்றே தக்காளியில் வழுக்கியது. பிடிக்கும் அலகுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் அழுக்குச் சேர்ந்தது. தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுது அதைக் கல்லில் வைத்து, வாய்க்குப் பின்னாலிருந்த தடிமனைக் கரைத்து, புதிதாக ஒரு கூர் வைத்தேன். கத்தி ஆளே மாறிவிட்டது. சுவிஸ் கத்தி அளவுக்குக் கூர் நிற்பதில்லை, ஆனால் அன்றாடச் சமையலுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். நமக்கு எஃகில் பெரிய குறையில்லை, கடைசிக் கட்ட வேலையில்தான் குறை. ஒசாகாவை ஒட்டிய சகாய் நகரில் கத்தியை அடிப்பவர் வேறு, தீட்டுபவர் வேறு, பிடி போடுபவர் வேறு. தீட்டுவது அங்கே தனித் தொழில், தனி மரியாதை. இங்கே பட்டறையில் எல்லாவற்றையும் ஒருவரே செய்கிறார். தீட்டுவதற்கு மிஞ்சுவது கடைசி ஐந்து நிமிடம், அதற்கும் நாம் காசு தருவதில்லை. தொழிற்சாலையும் விலையை இறக்கக் கை வைக்கும் முதல் இடம் அதுவாகவே தோன்றுகிறது. உலோகத்தை உருக்கியது நாம், கூர் வைத்தது ஊரார்.

எஃகுப் பெருமைக்கு நம்மிடம் ஆதாரம் உண்டு. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகு மேற்கு ஆசியா வரை போயிற்று, அலையலையான வரியோடிய டமாஸ்கஸ் வாள்களின் புகழுக்குப் பின்னால் இருப்பதும் அந்த எஃகுதான். அந்தப் பெயரை இன்று ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க் கத்தியிலும் ஒட்டி விற்கிறார்கள். அப்படி வந்த ஒன்றின் வரிகள் பாத்திரம் தேய்க்கும் நாரில் தேய்ந்து மறைந்தன. லேசரில் கீறிய கோலம். அதற்குச் செலவிட்ட காசில் பாதியைக் கூருக்குச் செலவிட்டிருக்கலாம்.

வாங்கும்போது சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. இறக்குமதியான பொட்டலப் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று அச்சிட வேண்டும் என்பது பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதி. ஆன்லைன் கடைகளும் அந்த விவரத்தைக் காட்ட வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள். ‘விற்பனை செய்பவர்’ என்ற வரியில் இந்திய முகவரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். ‘தயாரிப்பாளர்’, ‘இறக்குமதியாளர்’ என்ற வரிகளைத் தேடுங்கள். சீனத் தயாரிப்பு என்பதால் மட்டும் ஒரு கத்தி மோசமாகிவிடாது. ஆனால் உள்நாட்டுத் தொழிலுக்குக் கைகொடுக்கிறோம் என்ற எண்ணத்தில் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள் என்றால், அந்தப் பணம் அட்டை அச்சிட்டவரோடு நின்றுவிடக் கூடாது.

என் தீர்ப்பு இது. தினசரிக் காய்க்கு ஒரே ஒரு கத்திதான் வேண்டும், பராமரிக்க நேரமில்லை என்றால் சிறிய விக்டோரினாக்ஸை வாங்குங்கள், இறக்குமதி என்று தயங்க வேண்டாம். தீட்டத் தெரிந்தவர் இந்தியத் தொழிற்சாலைக் கத்தியிலேயே காரியத்தை முடித்துக்கொள்ளலாம். கல்லும் பொறுமையும் இல்லாத வீட்டுக்கு ஜப்பான் கத்தி வேண்டாம். கிழங்கு, பலா, கோழி, எலும்பு என்று கனமான வேலைக்கு மட்டும் இறக்குமதியைத் திரும்பிப் பார்க்காமல் நேரே பட்டறைக்குப் போங்கள். போகும்போது என்ன வெட்டப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அடிக்கும் விலையில் பேரம் பேசாதீர்கள், தீட்டும் கூலியைக் கேட்காமலே நூறு ரூபாய் கூட்டிக் கொடுங்கள்.